ஐந்தாவது வீடு

கிணற்றுக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவே ஒரு பிலாக்கன்று நின்றது.

கேட்டைத் திறந்த கையோடு விஜயகலா அதைத்தான் பார்த்தாள். இடுப்பு உயரம். பத்துப் பன்னிரண்டு இலை, ஒவ்வொன்றும் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. குடியிருப்பவர்கள் அடியில் உமி பரப்பி, தண்ணீர் விட்டு, பெற்ற பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.



அவள் இருபத்தெட்டு வருசம் டீச்சராக இருந்து சேர்த்ததெல்லாம் தெஹியோவிட்டவில் இருக்கும் இந்த வீட்டின் நாலு சுவருக்குள்தான் கிடக்கிறது. துணிக்கடை ஜஸீலும் அவன் மனைவி பளீலாவும் வாடகைக்கு வந்து இரண்டு வருசம். நல்ல சனங்கள்தான். வாசலைக் கூட்டி வைப்பார்கள், குரல் உயர்த்திப் பேச மாட்டார்கள்.

ஆனால் அக்கா புருசன் கிருஷ்ணராஜ் அவிசாவளையில் மூன்று வீட்டை வாடகைக்கு விட்டு மூன்றிலும் சூடுபட்டவர். ஆணி அடிக்க விடாதே, அடுப்படியை மாற்ற விடாதே, மரம் வைக்க மட்டும் விட்டாயோ வீட்டை மறந்துவிடு, கோர்ட்டுக்கு நடந்தே உன் செருப்புத் தேய்ந்துபோகும் என்று போனில் ஓதிக்கொண்டே இருந்தார். போன வாரம் இந்தக் கன்றைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியும்விட்டார்கள்.

வீட்டைக் காலிபண்ணச் சொல்லி லோயர் எழுதித் தந்த கடிதம் விஜயகலாவின் கைப்பையில் இருந்தது.

பளீலா தேத்தண்ணியோடு வந்தாள். வெயிலில் நடந்தா வந்தீங்க, த்ரீவீல் கிடைக்கவில்லையா என்று விசாரித்தாள். விஜயகலா கோப்பையை வாங்கவில்லை.

"மரத்தப் புடுங்கிருங்க, பளீலா. வேரு விட்டுச்சின்னா நாளைக்கு வீடும் ஒங்களுதுன்னு ஆயிரும்."

சொல்லி முடித்ததும் நாக்கு கசந்தது. இந்த வார்த்தை அவளுடையது இல்லை. எங்கேயோ கேட்டது.

எங்கேயோ என்ன, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் கேட்டதுதான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

ரப்பர் தோட்டத்தில் அவரை வைக்கலாம், மிளகாய் வைக்கலாம். நின்று காய்க்கிற மரம் எதையும் லயத்துப் பக்கம் வைக்கக் கூடாது. குடியிருக்கிற காம்பராவும் கம்பெனியுடையது, மண்ணும் கம்பெனியுடையது. தெரிந்துதான் அப்பா காம்பராவுக்குப் பின்னால் ஒரு பிலாக்கன்றை வைத்திருந்தார். வேர் விட்டால் காம்பரா உனக்காகிவிடும் என்று நினைப்பா, நான் திரும்பி வரும்போது இது இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை போனார்.

பின்னேரம் அவள் ஸ்கூல் விட்டு வந்தபோது கன்று இல்லை. "புடுங்கிட்டேன்" என்றார் அப்பா, சட்டை காயப்போடுகிற மாதிரி சாதாரணமாக.

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. கன்று நின்ற இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது, கிண்ணம் மாதிரி உருண்டையாக. மழை பெய்து தண்ணீர் தேங்கியதும் அதில் ரப்பர் விதைகளை மிதக்க விட்டு விளையாடினாள். அந்த வாரம்தான் அப்பா ரப்பர் பால் எடுக்கும் தன் வாளியைத் தொலைத்துவிட்டு, பால் நிறுக்கும் மடுவத்தில் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினார். வாளியைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத மனுசன் என்று அம்மா ஒரு மாசம் சொல்லிக் காட்டினாள்.

பிறகு அவள் ஏ.எல். படிக்கப் போய், லீவுக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாள். தெரணியகலை ரோட்டு வளைவில், யாருக்கும் சொந்தமில்லாத மேட்டில் ஒரு பிலாமரம். அதன் அடியில் அப்பா தோளில் பழத்தோடு நிற்பார். வழியெல்லாம் பிலாமரம் இருக்க, இரண்டு கட்டை தூரம் நடந்து இங்கேதான் வரவேண்டுமா என்று கேட்டால் சிரிப்பார். மரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடப்பார். வீடு சேரும்வரை அவர் சட்டையெல்லாம் பழ வாசம்.

அந்த வாசம் இப்போதும் வந்த மாதிரி இருந்தது.

பளீலாவுக்குக் கோபம் வரவில்லை. தேத்தண்ணியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். குந்தி உட்கார்ந்து உமியை ஒதுக்கினாள். மண்ணுக்குள் விரலை விட்டு எதையோ பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள்.

கன்று ஒரு பெயிண்ட் வாளியோடு மேலே வந்தது.

"மண்ணுல வைக்கல்ல டீச்சர், வாளியோடதான் பொதச்சிருக்கோம். இது அஞ்சாவது வீடு."

கல்யாணமாகி வந்தபோது உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கன்றாம். ஏழு வருசமாகிறதாம். வாளிக்குள் எவ்வளவுதான் வளரும். வீட்டுக்காரர் போகச் சொன்னால் கட்டில், மேசையோடு இதையும் லொறியில் ஏற்றிவிடுவார்களாம். கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்துவிடட்டுமா என்று பளீலா கேட்டாள்.

விஜயகலா கன்றைப் பார்க்கவில்லை. அது இருந்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிண்ணம் மாதிரி உருண்டையாக இருந்தது. ரப்பர் விதைகள் மட்டும்தான் இல்லை.

அப்பா வாளியை எந்த மேட்டில் தொலைத்தார் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். வாளியிலிருந்து வேரைப் பிரிக்க அடுப்படியில் கத்தி இருந்தால் எடுத்துவரச் சொன்னாள்.

"மரம் மண்ணுல நிக்கட்டும், பளீலா. வாளிய எனக்குக் குடுங்க."