கிழ விமானமும் குளிர்காற்று வண்டியும்

வெயிலில் நிற்கும் விமானங்களுக்குக் குளிர்காற்று ஊதுகிற வண்டி ஒன்று விமான நிலையத்தில் இருந்தது. ஒரு நாள் அதன் பருத்த குழாயைக் கொண்டுபோய் ஒரு கிழ விமானத்தின் வயிற்றில் மாட்டினார்கள். உள்ளே ஆட்கள் சீட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குத் தம்பி கழட்டுறாங்க?" என்று விமானம் கேட்டது.

அந்த விமானத்தை உடைக்கப் போகிறார்கள் என்று, வண்டியை இழுத்து வந்த டிராக்டர் வழியிலேயே சொல்லியிருந்தது. ஆனால் வண்டிக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"புதுசு போடத்தான் அண்ணே."

"அப்போ மறுபடியும் ஜனங்க ஏறுவாங்களா?"

"ஏறாம? அதுக்குத்தானே உள்ளே சில்லுனு வச்சிருக்கேன். நான் இருக்கேன், கவலைப்படாதீங்க."

விமானம் நம்பியது. என்ஜினைக் கழற்றியபோதும், "இதுவும் புதுசா வருதா!" என்று பூரித்துப்போனது. வண்டிக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஊதிய காற்று மட்டும் குளிர்ந்தே போனது.

வேலை முடிந்ததும் ஆட்கள் குழாயைப் பிடுங்கினார்கள். டிராக்டர் வண்டியை இழுத்துப்போய், சற்றுத் தள்ளி நின்ற ஒரு புது விமானத்திடம் விட்டது.

உச்சி வெயில் ஏறியது.

"தம்பி, உடம்பெல்லாம் வேகுதுப்பா! எங்கே போயிட்டே?" என்று கிழ விமானம் கூப்பிட்டது. விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"யாரது? உன்னையா கூப்பிடுது?" என்று புது விமானம் கேட்டது.

"யாருன்னே தெரியல," என்றது வண்டி. அந்தக் குரல் காதில் விழாதபடி, இன்னும் பலமாக இரைந்து ஊதத் தொடங்கியது.