காதுவில்லை

பசுக்களைச் சினைப்படுத்தும் பொலிகாளை ஸ்கேனில் தேறாவிட்டால் அன்றைக்கே காயடிப்பு என்பது சட்டம். ஊரில் பத்துக் காளைகளைப் பார்த்தார்கள், ஒன்றுகூடத் தேறவில்லை. ஸ்கேன் எடுப்பதும் சினை ஊசி விற்பதும் ஒரே கம்பெனி என்பது பாவாயியை உறுத்திக்கொண்டே இருந்தது.

தன் மயிலைக்காளையின் அடையாள எண் உள்ள காதுவில்லையைக் கழற்றி, இன்னொரு மாட்டின் காதில் மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கம்பெனிக்காரன் வில்லையைப் படம்பிடித்தான். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கருவியை மாட்டின் பின்னந்தொடைகளுக்கு நடுவில் ஒற்றினான்.

"விதை ரெண்டும் சுருங்கிப்போச்சுங்கக்கா. காயடிச்சாகோணும்."

"நல்லாப் பாத்தீங்களா தம்பி?"

"மெசின் தப்பாச் சொல்லாதுங்க."

பாவாயி தொழுவத்தில் கட்டியிருந்த கன்றை அவிழ்த்துவிட்டாள். அது ஓடிவந்து, அவன் கையை முட்டித் தள்ளிவிட்டு, மடியில் வாய்வைத்துப் பால் குடிக்கத் தொடங்கியது.