மேதையின் ஆக்டிவ் பேஸ்

"பாசிவ் பேஸா? அது வெறும் மரக்கட்டை. வாசிக்கிறவனும் மரக்கட்டை" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு, மேதை ஆக்டிவ் பேஸ் கிட்டாரை வாங்கிவந்தார். வீட்டில் அவருக்கு 'மேதை' என்றுதான் பெயர். பாராட்டு என்றே நினைத்திருந்தார்.

"இதுல என்ன விசேஷம்?" என்றாள் மனைவி.

"பாசிவ்ல இல்லாத பேட்டரி இதுக்குள்ள இருக்கு. அது இல்லேன்னா சத்தமே வராது. உனக்கெங்க புரியப்போகுது!"

இசைக்குழு நடத்தும் மச்சினன் எச்சரித்திருந்தான். "மாமா, இந்தத் தடவையும் சொதப்பினீங்கன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்."

கச்சேரியன்று டிரம்ஸ் காதைப் பிளக்க, மேதை கண்களை மூடி, தலையை ஆட்டி, குமிழ்களைத் திருகித் திருகி வாசித்தார்.

முடிந்ததும் மச்சினன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "மாமா, இன்னைக்குத்தான் பாட்டு பாட்டா இருந்துச்சு! இனிமே எல்லாக் கச்சேரிக்கும் இப்படியே வாசிங்க!"

மனைவியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் மேதை கிட்டாரைத் தட்டிக்காட்டினார். "கேட்டியா உன் தம்பி சொன்னதை? அந்த மரக்கட்டையில இப்படி வாசிக்க முடியுமா?"

"ஐயோ, சொல்லவே மறந்துட்டேன்" என்றாள் மனைவி. "காலையில சமையலறைப் புகை அலாரம் பேட்டரி தீர்ந்துபோய் கீ கீன்னு கத்திட்டே இருந்துச்சு. உங்க கிட்டார்ல இருந்த பேட்டரியைக் கழட்டி அதுல போட்டுட்டேன்."