செய்திக்குப் பின் பொம்மைகள்

நோன்பு மாதம் வந்துவிட்டால் துனிஸ் நகரமே சூப்புக் கிண்ணத்தோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடும். முதலில் நிசார் செய்தி வாசிப்பார். அது முடிந்ததும் கேலி நிகழ்ச்சியின் பொம்மைகள் வந்து அதே செய்தியைக் கிழித்துத் தொங்கவிடும்.

அன்று நிசார் பொம்மைப் பட்டறைக்குள் கடுகடுவென்று நுழைந்தார். வழக்குப் போடத்தான் வந்திருக்கிறார் என்று தையல்காரப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இப்படியொரு வேடிக்கையை யார்தான் விடுவார்கள்?

பொம்மைக்கு முகம் செய்யும் துர்ரா தலையை நிமிர்த்தவில்லை. யாரோ ஓர் அமைச்சருக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க நிகழ்ச்சியால என் மானம் போகுது, துர்ரா. ரொட்டிக் கடைக்காரன்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்."

"அதுக்கு நான் என்ன செய்யணும், நிசார் சார்?"

நிசார் குரலைத் தாழ்த்தினார்.

"வானிலை சொல்றவனுக்குப் பொம்மை இருக்கு. கால்பந்துப் பயிற்சியாளருக்கு ரெண்டு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்ல? நான் ஒரு ஆளே இல்லையான்னு கேக்கறாங்க. மூக்கை முழ நீளத்துக்கு வேணாலும் வை, வழுக்கையைக் காட்டு. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா."

துர்ரா அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள்.

"பார்த்த உடனே மறந்துபோற முகம் சார். இதை வச்சு என்ன செய்யறது?"

"அப்படின்னு எவன் சொன்னான்?"

"நீங்கதான் சார். என் முகத்தைப் பத்தி, மேலதிகாரிகிட்ட. உங்க பக்கத்துல உக்காந்து செய்தி வாசிச்சிட்டிருந்த என்னை இந்தப் பட்டறைக்கு விரட்டிவிட்ட அன்னிக்கு."