முனியம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு

பொன்னேரியில் டாக்டரம்மா சொன்னதை நான் கேட்டேனோ இல்லையோ, வெளியே இருமல் மருந்துக்குக் காத்திருந்த எங்கள் குப்பத்து மீன்காரி முனியம்மா கேட்டுவிட்டாள்.

"மூத்திரத்துல சர்க்கரை இருக்கும்மா. அதை ஊத்திக் காய்ச்சினதும் நீல மருந்துத் தண்ணி செங்கல் நிறமா மாறிடுச்சு பாரு. பிரசவம் ஆகிற வரைக்கும் இனிப்பு ஒரு வாய்கூடத் தொடாதே. குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவத்துல சிக்கிக்கிட்டா ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

எனக்கு அப்போது ஏழாவது மாதம். அதுவரைக்கும் 'பிள்ளை கேக்குது' என்று சொல்லி மூன்று ஆள் அல்வாவை ஒரே ஆளாகத் தின்றவள் நான். எண்பத்திரண்டில் சர்க்கரை வியாதி என்றால் பணக்காரர்களுக்கு வருவது. எங்கள் குப்பத்துக்கு வந்த முதல் பணக்காரச் சங்கதி என் மூத்திரத்தில் வந்திருந்தது.

வெளியே வந்ததும் முனியம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னா லோகு, சர்க்கரையாமே?"

"மெதுவா பேசுக்கா. யார்கிட்டயும் சொல்லிடாத. அடுத்த வாரம் வளைகாப்பு. என் தங்கச்சி காந்தாவப் பொண்ணு கேட்டுக்கினு கீறாங்களே, அந்த ஆரம்பாக்கத்து மாப்பிள்ளையோட அம்மாவும் வராங்க. அக்காவுக்கு வந்தது தங்கச்சிக்கும் வரும்னு எழுந்து பூடுவாங்க."

"நான் யாராண்ட சொல்லப் போறேன்?" என்றாள்.

முனியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மீன் விற்கிறதோ இல்லையோ, சேதி விற்றுவிடும். அன்று சாயங்காலமே அவள் பக்கத்து வீட்டுத் திரௌபதி வீட்டிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். பிறகு எதிர் வீட்டுக்குள் நுழைந்தாள். மறுநாள் மேலத்தெரு. என்னைக் கண்டதும், "தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள். ஊர்த் தண்ணீரையெல்லாம் அவளே குடித்துத் தீர்த்திருப்பாள்.

"பாவி, காந்தா வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டா" என்று அம்மாவிடம் அழுதேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. எங்கள் பக்கத்தில் வளைகாப்புக்கு வருகிறவள் ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து, வளையல் போட்டு, ஒரு வாய் ஊட்டாமல் நகரமாட்டாள். வேண்டாம் என்றால் ஆரம்பாக்கத்து அம்மா ஏன் என்று கேட்பாள். வாங்கிக்கொண்டால் பிள்ளைக்கு ஆகாது. ஒரு வாரமாகக் கேழ்வரகுக் களியும் மீன் குழம்புமாக நான் பட்ட பாடெல்லாம் ஒரே நாளில் பாழ்.

நான் சும்மா இருப்பேனா? பெரிய யோசனை ஒன்று செய்தேன். பலகாரத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, இருமுவதுபோல் இருமி, கைக்குட்டைக்குள் தள்ளிவிடுவது. வேகவைத்த கிழங்கை வைத்துக் கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்தேன். குரங்குக்குப் பட்டுப் புடவை கட்டியதுபோல் இருந்தது. ஆனாலும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வளைகாப்பன்று ஆரம்பாக்கத்து கஸ்தூரியம்மாள் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். மடியில் மைசூர்பாகு டப்பா.

முதலில் திரௌபதி வந்தாள். வளையல் போட்டுவிட்டு, பூரணக் கொழுக்கட்டையைப் பிட்டு என் வாயில் வைத்தாள். நான் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"அப்பா, தேனாட்டம் கீது."

சொன்ன பிறகுதான் நாக்குக்கு உறைத்தது. உள்ளே இருந்தது உப்புப் போட்ட உளுந்து.

"வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் பூடுச்சி" என்றாள் திரௌபதி, சிரிக்காமல்.

எதிர் வீட்டுக்காரியின் பணியாரம் காரம். மேலத்தெரு உருண்டையில் மருந்துக்குக்கூட இனிப்பில்லை. "திகட்டுதா கண்ணு?" என்று ஒவ்வொருத்தியும் கஸ்தூரியம்மாள் காதில் விழுகிற மாதிரி கேட்டாள்.

வாசற்படி ஓரம் முனியம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் வீடு வீடாக ஏறி இறங்கியது எதற்கு என்று என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது. அவளைப் பாவி என்ற வாயால் உப்புக் கொழுக்கட்டையை மென்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரியம்மாள் டப்பாவைத் திறந்துகொண்டு எழுந்தாள்.

பெண்கள் பேச்சு சட்டென்று அடங்கியது. கடை மைசூர்பாகு. நெய்யும் சர்க்கரையும் மின்னின. கைக்குட்டையைத் தேடினேன். பெரிய யோசனைக்காரி அதைக் கண்ணாடி முன்னாலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மனசுக்குள் காந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு வேறு மாப்பிள்ளை கிடைப்பான். என் பிள்ளைக்கு வேறு உயிர் கிடைக்காது.

"அத்தே, எனக்கு இது வேணாம். எனக்கு வந்து..."

கஸ்தூரியம்மாள் என்னை முடிக்கவிடவில்லை. முந்தானையால் என் முகத்தை மறைத்துக் குனிந்தாள். வெறும் விரலால் என் உதட்டைத் தொட்டாள். மைசூர்பாகுத் துண்டு அவள் இடுப்புச் செருகலுக்குள் போனது.

"நல்லா மென்னு முழுங்கு கண்ணு" என்றாள் உரக்க.

பிறகு என் காதோடு சொன்னாள்:

"பயப்படாத. முந்தாநேத்தே முனியம்மா வந்து சொல்லிட்டா. எங்க வூட்டுக்காரருக்கே சர்க்கரைதான், இதுக்கெல்லாம் போய் யாராச்சும் சம்பந்தத்தை விடுவாங்களா? உங்க ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதேன்னுதான் மைசூர்பாகே வாங்கியாந்தேன்."