தரைக்கு அடியில் ஒரு மூடி

“அபாங், நாத்தம் குடலைப் புரட்டுது. தரையை உடைச்சுத்தான் ஆகணும்,” என்று கணவனிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள் ரொஹானா.

ஈப்போவின் அந்த வரிசை வீடுகளில் எல்லோரையும் போலவே அவள் கணவன் பட்ருலும் அனுமதி கேட்காமல் சமையலறையைப் பின்வேலி வரை இழுத்துக் கட்டியிருந்தான். கழிவுக்குழாயின் மூடி தரைக்கு அடியில் போய்விட்டது.

“நான் பார்த்துப் பார்த்துப் போட்ட தரைடி!”

“நகராட்சிக்காரன் மோப்பம் பிடிச்சு வந்தா சமையலறையையே இடிப்பான். பரவாயில்லையா?”

பட்ருல் கண்களை மூடிக்கொண்டான். குழாய்க்காரர் ஆ கியோங் சுத்தியலை ஓங்கினார். தரை தூள்தூளானது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“பாஸ், அடைப்பே இல்ல. தண்ணி சிரிச்சிக்கிட்டு ஓடுது!”

“சுத்தியல் அடிச்ச அதிர்வுல அடைப்பு விட்டிருக்கும்,” என்றாள் ரொஹானா. “வெள்ளை டைல்ஸ் போட்டுடலாம், அபாங். பார்த்து வச்சிருக்கேன்.”

பட்ருல் வண்டியை எடுக்கப் போனதும், அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு ஜாடியை உருவி மதிலுக்கு மேல் நீட்டினாள்.

“இந்தாங்க அக்கா, அழுகின இறால் தலை. பத்து வருஷமாக் கெஞ்சியும் மாத்தாத சேத்து நிறத் தரை, ஒரே வாரத்துல போச்சு!”

பக்கத்து வீட்டு ஸலேஹா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

“குலுக்காமக் குடுடி. நாளையிலேருந்து எங்க வீட்டுக்காரர் மூக்குக்கு வேலை இருக்கு.”