தீர்வோடு வரவும்

"லீவு கேக்கத்தானே வந்திருக்கே?"

கதவைத் திறந்த ரிசப்ஷன் பெண் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் கேட்டுவிட்டார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரை நாள் லீவு வேண்டும் என்று காலையில்தான் அவரிடம் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"இல்ல சார், ஆஸ்பத்திரியிலேருந்து..."

"அதேதான். கதவுல என்ன ஒட்டியிருக்கு? படி."

'பிரச்சினையோடு வராதீர்கள். தீர்வோடு வரவும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. அதை டைப் அடித்து ஒட்டியவளே அவள்தான். இருந்தாலும் படித்தாள். "தீர்வு கெடைச்சதும் வா" என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் வாரா வாரம் நடக்கும் மீட்டிங் அது. போன வாரம் மின்விசிறி ஓடவில்லை என்று சொன்னவர்களிடம், வேர்வை வந்தால்தான் உழைத்தது போல இருக்கும் என்று சொன்ன மகான் இந்த மேனேஜர். இன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'.

"குடும்பத்துல யாராவது ஆறு மணி ஆச்சுன்னு வீட்டுக்குக் கெளம்புவாங்களா?" என்று கேட்டார். குடும்பம் இருப்பதே வீட்டில்தானே என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கணக்கர் மட்டும் சிரிப்பை அடக்கக் குனிந்து இருமினார்.

மறுபடியும் கதவு திறந்தது. இந்த முறை அவள் கண் கலங்கியிருந்தது.

"சார், ஒரு நிமிஷம் வெளியில வாங்களேன். தனியா சொல்லணும்."

"தனியா கேட்டா லீவு கெடைச்சிடுமா? இங்க ஒளிவு மறைவே கெடையாது. எல்லார் முன்னாடியும் சொல்லு."

அவள் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் சொல்லக்கூடிய விஷயமா அது? தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ரொம்ப முடியலையாம் சார். உடனே வந்தா முகத்தையாவது பாக்கலாம்னு டாக்டர் சொல்றாராம். இதோ, லைன்லயே இருக்காங்க..." என்று கையிலிருந்த செல்போனை அவரிடம் நீட்டினாள்.

மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மீட்டிங் நடக்கும்போது எந்த போனும் உள்ள வரக்கூடாது. எல்லாம் வெளியில கூடையில இருக்கணும். சட்டம் போட்ட என் போனே அங்கதான் கெடக்கு. கொண்டு போய் வை."

"சார், முகத்தைப் பாக்கணும்னா இப்பவே..."

"முகம் எங்கம்மா ஓடிடப் போவுது? சாயங்காலம் பாத்தாலும் அதே முகம்தான். நீ போய் நின்னா வியாதி பயந்து ஓடிடுமா? அதுக்குன்னு படிச்ச டாக்டருங்க இருக்காங்க. போ, போய் வேலையப் பாரு."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவரே எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ் போட்டுவிட்டார்.

"சார், பாவம், அழுவுது அந்தப் பொண்ணு. என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார் கணக்கர்.

"உங்களை மாதிரி ஆளுங்க செல்லம் குடுத்துதான் கம்பெனி இந்த லட்சணத்துல இருக்கு."

கதவு தட்டப்பட்டது. முதலில் மெதுவாக, பிறகு உள்ளங்கையால் பட பட என்று. "சார், சார்" என்ற குரலும் கேட்டது; அதற்கு மேல் அவள் சொன்னது தட்டும் சத்தத்தில் புரியவில்லை. கணக்கர் பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க. தட்டினா தட்டட்டும். கை வலிச்சா தானா நிக்கும்."

கொஞ்ச நேரத்தில் நின்றது. அதன் பிறகு மேனேஜர் பேசிய எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. அவருக்கு மட்டும் அந்த அமைதி தித்தித்தது.

"பாத்தீங்களா? கண்டுக்காம விட்டா எந்தப் பிரச்சினையும் தானா அடங்கிடும். இதைத்தான் நிர்வாகம்னு சொல்றது."

டீ வந்த பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தார். எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள் அவள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"என்னம்மா, உன் அவசரமெல்லாம் என்னாச்சு?"

"இனிமே அவசரமில்ல சார்."

"அப்படி வா வழிக்கு! எல்லாரும் இந்தப் பொண்ணுக்கு ஒரு தடவை கை தட்டுங்க" என்று திரும்பிச் சொல்லிவிட்டுத் தானே முதலில் தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. கணக்கர்தான் எழுந்து அவளருகே வந்தார்.

"தவறிட்டாங்களாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். மேனேஜரின் கைகள் அப்படியே நின்றன. அவரும் மனிதர்தானே, சங்கடமாகத்தான் இருந்தது. தனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார்.

"சரி, மனசைத் தேத்திக்கோ. நாளைக்கும் சேத்து லீவு எடுத்துக்கோ. வரலியேன்னு உங்க அம்மா தப்பா நெனச்சிருக்க மாட்டாங்க. வேலையில இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"'என் பிள்ளைக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதீங்க'ன்னுதான் கடைசியா சொன்னாங்களாம் சார், உங்க அம்மா."